கரைப் பாதையில் பதினைந்தாவது பெயர்

போன மாதம் ஒரு திங்கட்கிழமை காலையில் பிரவீன் அழைத்தார். நான் விருப்ப ஓய்வில் வந்த பிறகு கரைப் பாதையின் பொறுப்பை ஏற்ற வனவர் அவர். அடுத்த பருவத்திலிருந்து நடப்பவர்களுக்கும் சைக்கிளில் வருபவர்களுக்கும் கையில் ஒரு பட்டை கட்டப் போகிறார்களாம். யார் எங்கே நிற்கிறார் என்பது நுழைவாயில் அறையிலுள்ள திரையில் புள்ளியாகத் தெரியுமாம். பதிவேடு இனி வேண்டியதில்லை.

"நீங்க அந்த ரெஜிஸ்டரைப் பதினொரு வருஷம் பார்த்தவங்க மேடம். புதுசா வர்ற ஃபாரஸ்ட் கார்டுகளுக்கு ஒரு ஃபைல் போடறோமுங்க. ரெண்டு பக்கம் அனுபவம் எழுதிக் குடுத்தீங்கன்னா நல்லாருக்கும்" என்றார்.

சரி என்றேன். எழுத உட்கார்ந்தபோது இரண்டு பக்கத்தில் முடியாது என்று தெரிந்தது. பணியில் சேர்ந்த நாள் முதல் கடைசி நாள் வரை எழுதிய டைரிகள் என்னிடம் இருக்கின்றன. நேரம், வானம் இருந்த நிலை, உள்ளே போனவர்கள், வெளியே வந்தவர்கள், யாராவது முக்கியமாக ஏதாவது சொல்லியிருந்தால் அது. நினைவை நம்பாமல் அவற்றைப் பார்த்தே எழுதுகிறேன்.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஆறு மாதம் கயிறு ஏறினோம், தீத்தடுப்புக் கோடு வெட்டினோம், யானைச் சாணத்துக்குள் விரலை விட்டு அது எப்போது கடந்துபோனது என்று சொல்லக் கற்றோம். எங்கள் அணியில் பெண்கள் நான்கு பேர். அதன் பிறகு பல வருடம் சோதனைச் சாவடியில் நின்று லாரிகளுக்குள் எட்டிப் பார்த்தேன். வனவர் ஆன பிறகுதான் கரைப் பாதைக்கு வந்தேன்.

கொங்கு நாட்டுக்குக் கடல் கிடையாது. ஆனால் கடலைப் போல ஏறி இறங்குகிற தண்ணீர் எங்கள் அணையில் உண்டு. மேலே மலையில் மின் நிலையம் ஓடத் தொடங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் தண்ணீர் ஏறி அணையின் கரை உள்ளே நகர்ந்துவிடும். இரவில் அந்தத் தண்ணீரை மறுபடி மேலே ஏற்றுவார்கள்; மறுநாள் விடியும்போது கரை பழைய இடத்துக்கே போய்விடும். மலைச்சரிவு நேராகத் தண்ணீருக்குள் இறங்குகிற இடம் அது. பாறைகள் தண்ணீருக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். அவற்றை நாங்கள் மூக்கு என்போம். இரண்டு மூக்குகளுக்கு நடுவே ஓடை வந்து சேர்கிற பள்ளம் இருக்கும். நுழைவாயிலிலிருந்து ஒன்பது கிலோமீட்டர் கரையோரமாகவே ஒரு மண் பாதை, பழைய கல் முகாம் வரை போகும். அதுவரை சைக்கிள். அங்கிருந்து இரண்டு கிலோமீட்டர் பாறை ஏற்றம், நடை. மதியச் சாப்பாட்டை முகாமில் முடித்துக்கொண்டு நாலரைக்குள் எல்லோரும் நுழைவாயிலுக்குத் திரும்பிவிட வேண்டும். அதன் பிறகு கரை யானைகளுடையது.

வருகிறவர்கள் பெரும்பாலும் கோயம்புத்தூர்க்காரர்கள். ஞாயிறு காலையில் வேன்களில் சைக்கிளைக் கட்டிக்கொண்டு வருவார்கள். வேட்டைத் தடுப்புக் காவலர் ரங்கன் இருளர்; பக்கத்து மலைக் குடியிருப்பைச் சேர்ந்தவர். பஞ்சு வைத்துத் தைத்த சைக்கிள் கால்சட்டைகளை முதல்முறை பார்த்தபோது, "ஏனுங்க மேடம், இவிய வலிக்கறதுக்கு முன்னாலயே கட்டுப் போட்டுட்டு வாராங்களா" என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார். ஒருவர் பாட்டுப் பெட்டி கொண்டுவருவார். ஒருவர் யானைக்கு வாழைப்பழம் கொண்டுவந்திருப்பார். அவற்றையெல்லாம் வாங்கி அறையில் வைத்துவிட்டுப் பெயர் எழுதுவேன். ஒவ்வொருவருக்கும் ஒரு வரி: பெயர், ஊர், வயது, வீட்டுத் தொலைபேசி, நுழைந்த நேரம், திரும்பிய நேரம்.

முதல் வருடம் திரும்பி வருகிறவர்களைத் தலை எண்ணியே அனுப்பினேன். ரேஞ்சர் காதர் மாற்றலாகி வந்ததும் அதை நிறுத்தினார்.

காதர் சாருக்கு என்னைவிட நான்கு வயது குறைவு. கோயம்புத்தூரின் பழைய தெரு ஒன்றில் தையல் கடை வைத்திருந்தவரின் மகன். அப்பாவிடமிருந்து வந்ததோ என்னவோ, எதையும் அளந்து பார்க்காமல் வாயைத் திறக்க மாட்டார். கடைநிலைக் காவலரையும் "வாங்க, உக்காருங்க" என்றுதான் கூப்பிடுவார். குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. தவறு கண்டுபிடித்தால் அந்த வரிக்குக் கீழே அடிக்கோல் வைத்து ஒரு பென்சில் கோடு போட்டுவிட்டுப் பதிவேட்டை நம் பக்கம் திருப்பி வைப்பார். அவ்வளவுதான். அந்தக் கோட்டுக்குப் பயந்து வேலை செய்தவர்கள் நாங்கள்.

அவர் வந்த இரண்டாம் வாரம் இருபத்திரண்டு பேர் உள்ளே போனார்கள். மாலையில் இருபத்திரண்டு தலை எண்ணி, எழுதி, கதவைச் சாத்தினேன். அவர் வேனுக்குள் ஏறி ஒவ்வொருவராகப் பெயர் கேட்டார். கடைசி இருக்கையில் இருந்தவர் விறகுக்காகக் காட்டுக்குள் வந்த வேறொரு ஆள். பாதையில் இவர்களோடு பேச்சுக் கொடுத்து, சைக்கிளைத் தள்ளிக்கொடுத்து, வேனிலும் ஏறிவிட்டார். எங்கள் ஆள் ஒருவர் இன்னமும் முகாமில் தூங்கிக்கொண்டிருந்தார். ஜீப் அனுப்பிக் கூட்டிவந்தோம். காதர் சார் என்னைத் திட்டவில்லை.

"எண்ணிக்கை சரியா இருந்துச்சுன்னா ஆள் சரியா இருக்குன்னு அர்த்தம் இல்லீங்க. இனிமே பேரை நீங்க படிக்காதீங்க. அவங்களையே சொல்லச் சொல்லுங்க" என்றார்.

அன்றிலிருந்து அதுதான் நடைமுறை. நுழையும்போது ஒரு தடவை, முகாமிலிருந்து புறப்படும் முன் ஒரு தடவை, நுழைவாயிலில் ஒரு தடவை. ஒவ்வொருவரும் தன் பெயரைத் தன் வாயால் சொல்ல வேண்டும். நான் பதிவேட்டில் குறி போடுவேன். புறப்பட்டால் ரங்கன் முதலில், நான் கடைசியில். ஏழு வருடம் இந்த முறையில் ஒருவரைக்கூட நாங்கள் தவறவிடவில்லை.

ஒன்பதாம் வருடம் பங்குனியில் சிங்காநல்லூர்ப் பக்கத்திலிருந்து ஒரு சைக்கிள் குழு வந்தது. பதினைந்து பேர். பதிவேட்டில் பதினைந்தாவது வரி: நாச்சிமுத்து, காங்கேயம், 61. தேங்காய்க் களம் வைத்திருந்தவர். சர்க்கரைக்காக டாக்டர் சைக்கிள் ஓட்டச் சொன்னாராம். ஓட்டியவருக்கு அது பிடித்துப்போய், ஞாயிறுதோறும் முதல் பஸ்ஸில் சிங்காநல்லூர் வந்து குழுவோடு சேர்ந்துகொள்வாராம். குழுவில் அவர்தான் மூத்தவர். காலையிலிருந்தே எல்லோரையும் சிரிக்க வைத்துக்கொண்டு வந்தார். "அம்மணி, உங்க ஆனை சைக்கிளுக்கு ஹாரன் அடிச்சா ஒதுங்குமுங்களா?" என்று என்னைக் கேட்டார்.

ஏழு பத்துக்கு நுழைந்தோம். பத்தரைக்கு முகாம். மேலே ஏறி இறங்கிச் சாப்பிட உட்கார்ந்தபோது ஒன்றேகால். அணையில் தண்ணீர் மிகவும் குறைந்திருந்தது. வெயில் கடுமை. நாச்சிமுத்து ஐயா இடது முட்டியைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார். யாரோ எதிர்க்கரையில் தெரிகிற ரோட்டைப் பற்றிக் கேட்க, ரங்கன் விளக்கினார்: அடுத்த மூக்கைச் சுற்றினால் பரிசல் துறை, பத்து நிமிடத்தில் அக்கரை, அங்கே மணிக்கு ஒரு பஸ். எங்கள் ஊழியர்கள் அந்த வழியில் போவதுண்டு. உடம்பு முடியாதவர்களை ஒரு காவலரோடு சில தடவை அனுப்பியும் இருக்கிறோம். ஓட முடியாத சைக்கிளை முகாமின் பின்சுவரில் சாய்த்துவிட்டால் அடுத்த முறை ஜீப் வரும்போது ஏற்றி அனுப்பிவிடுவோம் என்பதும் பேச்சில் வந்தது. போன வாரத்துப் பழுது சைக்கிள்கள் மூன்று அங்கே ஏற்கெனவே இருந்தன.

நாச்சிமுத்து ஐயா என் பக்கம் திரும்பினார்.

"அப்படின்னா நான் பரிசல்ல போயிரலாமுங்களா அம்மணி?"

"பாக்கலாமுங்க" என்றேன்.

எங்கள் பக்கத்தில் பெரியவர் ஒருவரிடம் முகத்துக்கு நேராக முடியாது என்று சொல்ல மாட்டோம். பாக்கலாமுங்க என்றால் வேண்டாம் என்று பொருள். ஆனால் அது எப்போதும் அப்படித்தான் என்றும் இல்லை. சில சமயம் பார்க்கலாம் என்றால் பார்க்கலாம்தான். பாதி விளையாட்டாகக் கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டு நான் இலையை மடித்து எழுந்துவிட்டேன்.

இரண்டு இருபதுக்குப் பெயர் சொல்லச் சொன்னேன். பதினான்கு பேர் சொன்னார்கள். பதினைந்தாவதாக அவர், "நாச்சிமுத்துங்க. ஆளு வந்தாச்சு, இன்னொருவாட்டி சோறுதான் வரலை" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். குறி போட்டேன்.

புறப்படுகிற நேரத்தில் குழுவில் ஒரு வங்கி ஊழியரின் சைக்கிள் சங்கிலி கழன்று பல்சக்கரத்துக்கு இடையில் சிக்கிக்கொண்டது. நான் குத்துக்காலிட்டு அதை எடுத்துக்கொண்டிருந்தேன். ரங்கனை முன்னால் போகச் சொல்லிவிட்டு, "எல்லாரும் கிளம்புங்க, வாங்க" என்று சத்தம் கொடுத்தேன். சைக்கிள்கள் நகரும் ஓசை கேட்டது. எனக்குப் பின்னாலிருந்து நாச்சிமுத்து ஐயாவின் குரல் வந்தது.

"அப்ப நான் வாரேனுங்க அம்மணி."

"வாங்க வாங்க" என்றேன்.

நேரம் இரண்டு முப்பத்தைந்து. இந்த இரண்டு வரிகளையும் அன்றைய டைரியில் அப்படியே எழுதியிருக்கிறேன்.

இதைப் படிக்கிறவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. யார் வீட்டிலிருந்து புறப்பட்டாலும் போகிறேன் என்று நாம் சொல்வதில்லை. வாரேனுங்க என்போம். வாங்க என்று விடைகொடுப்பார்கள். வாசற்படியில் நின்று அவர் இதைச் சொல்லியிருந்தால் ஒரு கணத்தில் எனக்குப் புரிந்திருக்கும். அங்கே நான் வாங்க என்று அழைத்து வாய் மூடவில்லை. அதற்குப் பதிலாகத்தான் வருகிறேன் என்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். அவரோ என்னிடம் முறையாகச் சொல்லிக்கொண்டு, நான் விடைகொடுத்ததையும் கேட்டுக்கொண்டு, சைக்கிளைப் பின்சுவரில் சாய்த்துவிட்டுத் தண்ணீரை நோக்கி இறங்கியிருக்கிறார்.

சங்கிலியை மாட்ட ஏழு நிமிடம் ஆனது. நானும் வங்கி ஊழியரும் கடைசியாகக் கிளம்பினோம். நாச்சிமுத்து ஐயா முன்னால் மற்றவர்களோடு போகிறார் என்றே நினைத்தேன்.

நான்கு மணி ஐந்துக்கு நுழைவாயில். பெயர் சொல்லச் சொன்னேன். பதினான்கு பேர் சொன்னார்கள். பதினைந்தாவது பெயர் வரவில்லை. "சோத்துக்குத் திரும்பிப் போயிட்டாரோ என்னவோ" என்று ஒருவர் சொல்ல, இரண்டு பேர் சிரித்தார்கள். நான் வாக்கி டாக்கியில் ரேஞ்சருக்குச் சொன்னது: ஒருவர் குறைகிறார், எங்களோடு வந்துகொண்டிருந்தவர், பாதையில் எங்கோ விழுந்திருக்கலாம். அவர் ரங்கனையும் இன்னொரு காவலரையும் பைக்கில் பாதையோடு திரும்ப அனுப்பச் சொன்னார். ஒவ்வொரு வளைவிலும் இறங்கி, சரிவில் எட்டிப் பார்த்துக்கொண்டே போனார்கள். வந்துகொண்டிருந்தவர் என்று நான் சொன்னதால் பாதையைத் தேடினார்கள். கரைப் பக்கம் ஒருவரும் பார்க்கவில்லை.

ஐந்து இருபதுக்குக் குழுத் தலைவரின் செல்போன் ஒலித்தது. நாச்சிமுத்து ஐயாவின் மனைவி ருக்மணி அம்மா. அக்கரையில் பஸ் ஏறியதும் கூப்பிடுகிறேன் என்றவர் கூப்பிடவில்லை, எடுக்கவும் இல்லை, பரிசல் வரவில்லையா என்று கேட்டார். பரிசல் என்ற சொல் காதில் விழுந்ததும் வாக்கி டாக்கியில் ரங்கனைக் கரைக்கு இறங்கச் சொன்னேன். அந்த வாரேனுங்க எதற்கு என்று அப்போதுதான் புரிந்தது.

பரிசல்காரர் யாரையும் பார்க்கவில்லை. ஆறு மணி ஐந்துக்கு ரங்கன், முகாமுக்கும் பரிசல் துறைக்கும் நடுவே உள்ள இரண்டாம் பள்ளத்தருகே ஒரு பாறையில் சைக்கிள் ஷூக்களைக் கண்டார். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில், காலுறைகள் உள்ளே மடித்து வைத்து. மூக்கைச் சுற்றிப் பாறையில் ஏறி இறங்க முட்டி இடம் கொடுத்திருக்காது. பள்ளத்தின் வாய் காய்ந்து, வெடித்து, பாளம் பாளமாகக் கிடந்திருக்கும். குறுக்கே நடந்தால் நூறு அடி. காங்கேயத்து மேட்டாங்காட்டில், மானாவாரி நிலத்தில், அப்படி வெடித்த மண் மாட்டு வண்டியைத் தாங்கும். அணையில் வெடிப்பு மேலே ஒரு சாண்தான். அடியில் சேறு. மின் நிலையம் மூன்றரைக்கு ஓடத் தொடங்கியிருந்தது. ரங்கன் பார்த்தபோது பள்ளத்தின் வாய் முழுக்கத் தண்ணீர்.

பரிசலில் சுற்றினோம். பெயர் சொல்லிக் கூப்பிட்டோம். ஏழு மணிக்கு யானைகள் இறங்கிவிட்டன. காதர் சார் எல்லோரையும் வெளியே வரச் சொன்னார். மறுநாள் காலை ஆறு நாற்பதுக்குத் தண்ணீர் வடிந்த பிறகு அவர் தெரிந்தார். கரையிலிருந்து இருபது அடி. இடுப்புவரை சேற்றில் இருந்தார். செல்போன் சட்டைப் பையில் இருந்தது.

நான்கு மணி ஐந்துக்கே கரைக்குப் போயிருந்தால் உயிரோடு எடுத்திருக்க முடியுமா என்பது எனக்குத் தெரியாது. தண்ணீர் ஏறும் வேகத்தையும் அந்த இடத்தின் ஆழத்தையும் வைத்துப் பலமுறை பார்த்துவிட்டேன். சில நாள் முடியும் என்று வருகிறது, சில நாள் முடியாது என்று வருகிறது.

விசாரணை மூன்றாம் நாள், சரக அலுவலகத்தில். ருக்மணி அம்மா தன் கொழுந்தனார்கள் இருவரோடு வந்திருந்தார். கணவர் கடைசியாகப் பேசியதை அவர் சொன்னது அறை வாசலில் நின்ற எனக்கும் கேட்டது. முகாமுக்குக் கீழே தண்ணீர்ப் பக்கமுள்ள ஒரு பாறையில் மட்டும் சிக்னல் கிடைக்கும். அங்கே நின்று இரண்டு நாற்பதுக்கு அழைத்திருக்கிறார். "முட்டி வலிக்குது, பரிசல்ல வந்தர்றேன்னாருங்க. பாரஸ்ட் அம்மணிகிட்டச் சொல்லிப்போட்டேன், வாங்கன்னுட்டாங்கன்னும் சொன்னாருங்க" என்றார்.

அவரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு என்னை அழைத்தார்கள். மேலதிகாரி ஒருவர் கேள்வி கேட்டார். காதர் சார் எழுதினார்.

"பரிசல் வழியாப் போகச் சொன்னீங்களா?"

"இல்லீங்க சார்."

"அவர் என்ன சொன்னார்?"

"வாரேன்னாருங்க."

காதர் சாரின் பேனா ஓடியது. எழுதியதைப் படித்துக் காட்டினார்: "மேற்படி நபர் தாமும் உடன் வருவதாகத் தெரிவித்தார். ஆனால் அனுமதியின்றிக் குழுவைவிட்டுப் பிரிந்து சென்றுள்ளார்." நான் சொன்னதில் பொய் இல்லை. எழுதியதிலும் ஒவ்வொரு சொல்லும் நான் சொன்னதிலிருந்து வந்ததுதான். நம் வாயில் இரண்டு பக்கமும் திரும்புகிற சொல் அரசுத் தமிழில் ஒரே பக்கமாக நின்றுவிட்டது. அது எனக்குச் சாதகமான பக்கம். அதற்கு நான் என்ன பதில் சொன்னேன் என்று யாரும் கேட்கவில்லை. மதியம் அவர் கேட்டதையும் நான் பாக்கலாமுங்க என்றதையும் யாரும் கேட்கவில்லை. கையெழுத்துப் போட்டேன்.

வெளியே வந்தபோது ருக்மணி அம்மா எழுந்து நின்றார். என் முகத்தைப் பார்த்தார். நான் குடிதண்ணீர் வைத்திருந்த பக்கம் போய்விட்டேன்.

நான்கு நாள் கழித்துக் காதர் சாரின் அறைக்குப் போனேன். அவர் புதிய பதிவேட்டுக்கு அடிக்கோல் வைத்துக் கட்டங்கள் போட்டுக்கொண்டிருந்தார்.

"சார், அவர் வாரேன்னப்போ நான் வாங்கன்னு சொன்னேனுங்க."

கோடு முடியும் வரை அவர் நிமிரவில்லை.

"எதுக்குங்க அப்படிச் சொன்னீங்க?"

"கூட வரச் சொல்லித்தானுங்க சார். அவர் வேற மாதிரி எடுத்துருப்பாருங்க. மத்தியானம் பரிசலைப் பத்தி எங்கிட்டக் கேட்டாரு. நான் பாக்கலாம்னேன்."

அவர் அடிக்கோலை அடுத்த வரிக்கு நகர்த்தினார். "கேட்டதுக்கு நீங்க பதில் சொல்லிட்டீங்க. கேக்காததை நான் எழுத முடியாதுங்க. ரிப்போர்ட் போயிருச்சு" என்றார். அடுத்த கோட்டையும் போட்டுவிட்டு, "உங்களுக்கு இன்னும் சர்வீஸ் இருக்குதுங்க. போய் வேலையப் பாருங்க" என்றார். குரலில் கோபம் இல்லை. பரிவுதான் இருந்தது. அந்தப் பரிவை நான் வாங்கிக்கொண்டேன் என்பதுதான் இங்கே எழுத வேண்டியது. மேலே எழுதிப் போட வழி இருந்தது. எழுதவில்லை.

அடுத்த வாரம் ஒரு சுற்றறிக்கை வந்தது. பாதையில் யார் எதைச் சொல்லிவிட்டு நகர்ந்தாலும், எங்கே, எந்த வழியாக, யாரோடு என்று மூன்றும் கேட்டு எழுத வேண்டும். காரணம் அதில் இல்லை. காதர் சாருக்கும் எனக்கும் தெரியும். மறு வருடம் அவர் மாற்றலாகிப் போனார். அதைப் பற்றி நாங்கள் பிறகு பேசியதே இல்லை.

இரண்டாம் பள்ளத்துக்கு மேலே பாதையோரத்தில் ஒரு பலகை வைத்தார்கள். மஞ்சளில் கறுப்பு எழுத்து: "அனுமதியின்றிப் பிரிந்து சென்ற ஒருவர் இவ்விடத்தில் உயிரிழந்தார். பணியாளர் சொற்படி நடக்கவும்." குழுக்கள் வரும்போது அதன் முன் நிறுத்தி விளக்க வேண்டியது என் வேலை. இரண்டரை வருடம் விளக்கினேன். ஒரு ஞாயிறு, யாரோ ஒருவர் பலகையைப் படித்துவிட்டு, "சொன்னாக் கேக்கோணுமல்ல, கெழவனுக்குக் கொழுப்பு" என்றார். நான் தலையாட்டினேன். அன்று டைரியில் வேறு எதுவும் எழுதவில்லை. அந்த மாதமே விருப்ப ஓய்வுக்கு எழுதிக் கொடுத்தேன். வீட்டில் கேட்டவர்களிடம் முதுகுவலி என்றேன்.

பிரவீன் எழுதச் சொன்ன பிறகு பத்து நாள் ஒரு வரியும் ஓடவில்லை. இந்தக் கோப்பில் இதை எழுதாமல் நடைமுறையைப் பற்றி மட்டும் எழுதினால் அது இன்னொரு வாக்குமூலம் ஆகிவிடும். முதலில் தெரிய வேண்டியவருக்குத் தெரியட்டும் என்று போன வியாழக்கிழமை சிங்காநல்லூரில் பஸ் ஏறிக் காங்கேயம் போனேன். டைரி பையில் இருந்தது.

பதிவேட்டிலிருந்த முகவரியிலேயே ருக்மணி அம்மா இருந்தார். களத்தைக் கொழுந்தனார்கள் பார்த்துக்கொள்கிறார்களாம். என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டார். நாற்காலி போட்டு, தண்ணீர் கொடுத்து, எதிரில் உட்கார்ந்தார். நான் சமாதானமாக எதையும் சொல்லாமல் டைரியைத் திறந்து அன்றைய பக்கத்தை முழுக்கப் படித்தேன். பாக்கலாமுங்க என்றதையும், வாரேனுங்க என்றதையும், வாங்க வாங்க என்றதையும். விசாரணையில் இதை நான் சொல்லவில்லை என்றும் சொன்னேன்.

உள்ளே குக்கர் சத்தம் போட்டது. அவர் எழுந்து போய் அணைத்துவிட்டு வந்தார்.

"அவரு தம்பிங்க ரெண்டு பேரும் இன்னைக்கு வரைக்கும் பேச்சுக் கேக்காம போய்ச் செத்தாருன்னுதான் சொல்றாங்க. போன்ல இப்படிச் சொன்னாருன்னு நான் சொன்னா, நீ பரிஞ்சுக்கிட்டு பேசறேம்பாங்க" என்றார். "அதுகூடப் பரவால்லீங்க. போகப் போக எனக்கே சந்தேகம் வந்துபோட்டுதுங்க. நான் ஏசுவேன்னு பயந்துக்கிட்டு, கேட்டுட்டுத்தான் போறேன்னு எங்கிட்டப் பொய் சொல்லிப்போட்டாரோன்னு. கடைசியாப் பேசுனது பொய்யின்னு நெனச்சுக்கிட்டே இத்தனை நாளா அவரு படத்துக்குப் பூ வெச்சேனுங்க."

நான் மன்னிப்புக் கேட்டேன். அதை அவர் காதில் வாங்கிக்கொண்டதாகத் தெரியவில்லை.

"இதைய ஒரு பேப்பர்ல எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. அவங்ககிட்டக் காட்டோணும்" என்றார். ஒரு நோட்டிலிருந்து தாள் கிழித்துக் கொடுத்தார். டைரியிலிருந்து பார்த்து எழுதினேன். பலகையை மாற்றச் சொல்லி இதே விவரத்தை அலுவலகத்துக்கும் அனுப்புவதாகக் கீழே சேர்த்தேன். பிரவீனுக்கு இந்தக் கட்டுரையோடு அந்தக் கடிதமும் போகிறது.

நான் கையெழுத்துப் போடப் போனபோது அவர் தாள்மேல் கை வைத்தார்.

"வாரேன்னு சொன்னப்ப மூஞ்சி எப்படிங்க இருந்துச்சு? ரொம்ப வலியிலே இருந்தாருங்களா? சிரிச்சாருங்களா?"

டைரியில் நேரம் இருக்கிறது. வெயில் இருக்கிறது. சங்கிலி எந்தப் பல்லில் சிக்கியது என்பதுகூட இருக்கிறது.

"தெரியலீங்க" என்றேன். "எனக்குப் பின்னால நின்னாருங்க. நான் திரும்பலை."

"அதையும் எழுதுங்க" என்றார்.

எழுதினேன். அவர் தாளை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் முதலிலிருந்து சத்தமாக, ஒவ்வொரு சொல்லாகப் படித்தார். முடித்ததும் திருப்பிக் கொடுத்து, கையெழுத்துக்குப் பக்கத்தில் நேரம் போடச் சொன்னார். கைக்கடிகாரத்தைப் பார்த்தேன்.

"இப்பத்த நேரம் இல்லீங்க. அவரு வாரேன்னு சொன்ன நேரம்" என்றார்.

இரண்டு முப்பத்தைந்து என்று போட்டேன்.